சாமந்திக்கு இரவில் எந்த பல்பு?

ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரவு பத்து மணிக்கு மேல் பேருந்தில் போகிறவர்கள் ஏதோ ஊரில் திருவிழா நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். வரிசை வரிசையாக பல்புகள் எரியும். ஆள் ஒருவரும் இருக்க மாட்டார். அவை சாமந்தித் தோட்டங்கள். வெளிச்சம் மனிதர்களுக்கானது அல்ல, செடிக்கானது.

சென்ற ஆண்டு அந்தப் பகுதியில் ஒரு விவசாயி என்னை வயலுக்கு அழைத்தார். ஒரு ஏக்கர் சாமந்தி. நட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. வரப்பில் நின்று பார்த்தபோது வயல் சமமாக இல்லை. கவிழ்த்த சட்டிகளைப் போல வட்ட வட்டமாகச் செடி உயர்ந்திருந்தது. வட்டத்தின் நடுவில் முழங்காலுக்கு மேல் உயரம், நல்ல கிளை. இரண்டு வட்டங்களுக்கு இடையிலோ ஒரு சாண் உயரத்திலேயே மொட்டு கட்டிவிட்டது. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் மேலே ஓர் ஊதா நிற விளக்கு தொங்கியது.

"சார், வெளிநாட்டுக்காரன் வீட்டுக்குள்ள வச்சே செடி வளர்த்துப் பூ எடுக்கிறான். அதே லைட்டுதான் வாங்கினேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்றார். விளக்கு ஒன்று 1,100 ரூபாய். அறுபது விளக்கு வாங்கியிருந்தார். நகையை அடகு வைத்த பணம்.

அவர் காட்டிய வீடியோவைப் பார்த்தேன். அது கனடாவில் எடுத்தது. செடி கஞ்சா. அந்த நாட்டில் 2018 முதல் அதை வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி அனுமதி இல்லாமல் வளர்த்தால் குற்றம். செடியைப் பற்றிய பேச்சு நமக்கு வேண்டாம். ஆனால் விளக்கு வியாபாரம் முழுக்க அந்த வீடியோக்களைக் காட்டித்தான் இங்கே நடக்கிறது. அங்கே விளக்கு செய்கிற வேலை வேறு, நம் வயலில் செய்கிற வேலை வேறு. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிஞ்சும்.

உணவா, சேதியா?

அந்த அறைக்குள் சூரியன் கிடையாது. செடிக்கு வேண்டிய சாப்பாடு முழுவதையும் விளக்கே சமைத்துப் போட வேண்டும். அதனால்தான் பூக்கும் காலத்தில் பல பத்தாயிரம் லக்ஸ் வெளிச்சத்தைக் கொட்டுகிறார்கள். முன்பு 1,000 வாட் சோடியம் விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். இப்போது மின்சாரம் மிச்சமாகிறது என்று எல்.இ.டி.க்கு மாறிவருகிறார்கள். ஊதா நிறம் எங்கிருந்து வந்தது என்றால், ஒளிச்சேர்க்கைக்கு அதிகம் பயன்படும் சிவப்பையும் நீலத்தையும் கலந்ததால் வந்தது.

நம் சாமந்தி வயலில் பகலெல்லாம் வெயில் அடிக்கிறது. நண்பகலில் ஒரு லட்சம் லக்ஸ். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இரவு விளக்கு செடிக்குச் சோறு போடுவதில்லை, "இன்னும் பகல் நீளமாகத்தான் இருக்கிறது, பூக்க அவசரப்படாதே" என்று ஒரு சேதி மட்டும் சொல்கிறது. சேதி சொல்ல 100 லக்ஸ் போதும். நண்பகல் வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அந்தச் சேதி ஒவ்வொரு செடியின் காதிலும் விழ வேண்டும். அறுபது விளக்கை ஒரு ஏக்கரில் பரப்பினால் விளக்கடியில் இருக்கும் செடிக்குச் சேதி கேட்கும், தள்ளி நிற்கும் செடிக்குக் கேட்காது. வட்டம் வட்டமாக உயர்ந்ததற்கு இதுதான் காரணம். விளக்கு போலி அல்ல. எண்ணிக்கைதான் போதவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பூக்கும் விஷயத்தில் சாமந்திக்கும் அந்தச் செடிக்கும் ஒரே குணம்தான். இரண்டும் குறும்பகல் தாவரங்கள். இரவு நீண்டால்தான் பூக்கும். ஆகவே பூக்க வைக்கும் காலத்தில் அவர்கள் தினமும் 12 மணி நேரம் அறையை இருட்டாக்கி, கதவிடுக்கில்கூட வெளிச்சம் கசியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நாமோ முதல் ஐந்து வாரம் இருட்டை உடைக்கிறோம், பிறகு இருட்டை விட்டுக்கொடுக்கிறோம்.

இருட்டைத்தான் செடி எண்ணுகிறது

பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் தொடர்பு உண்டு என்பதை 1920-இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் ஒரு புகையிலை ரகத்தை வைத்துச் சொன்னார்கள். செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, தொடர்ந்த இருட்டை என்பது பிறகு தெரிந்தது. நீண்ட இரவின் நடுவில் வெளிச்சத்தைக் காட்டினால், அதை இரண்டு குட்டி இரவுகளாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

ஓசூர்ப் பகுதியில் மிக நீண்ட பகல் 12 மணி 50 நிமிடத்தை ஒட்டி இருக்கும், மிகக் குறுகிய பகல் 11 மணி 20 நிமிடத்தை ஒட்டி. ஹாலந்தில் கோடையில் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். அங்கே இயற்கையே சாமந்தியைத் தழையில் நிறுத்தி வைக்கும், பூக்க வைக்கத்தான் கறுப்புத் துணி போர்த்த வேண்டும். நமக்குச் சிக்கல் தலைகீழ். குடிலில் வளர்க்கும் ஸ்ப்ரே ரகங்களுக்கு இங்கே ஆண்டு முழுவதும் குறும்பகல்தான். வெளியில் நடும் சென்ட் எல்லோ, மேரிகோல்டு, பூர்ணிமா போன்றவை சித்திரை, வைகாசியில் நட்டால் நின்று வளரும். ஆவணிக்குப் பிறகு நட்டால் உயரமும் கிளையும் வருவதற்கு முன்பே மொட்டுக்குப் போய்விடும். எத்தனை மணி நேர இருட்டில் திரும்பும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும்.

இலைக்குள் வெளிச்சத்தை உணரும் பொருளுக்கு பைட்டோகுரோம் என்று பெயர். சிவப்பு ஒளி பட்டால் அது விழித்துக்கொள்கிறது. கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் அகச்சிவப்பு ஓரத்து ஒளி பட்டால் மறுபடி படுத்துக்கொள்கிறது. 1952-இல் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் லெட்டூஸ் விதையில் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். சாமந்தியில் இரவில் சிவப்பு பட்டால் பூக்காதே என்று தடுக்கும் ஒரு புரதமே இலையில் உருவாகிறது என்று ஜப்பானியர் 2013-இல் காட்டினார்கள். அவர்கள் இதில் கவனம் செலுத்துவதில் ஆச்சரியமில்லை. அங்கே அட்சுமி தீபகற்பத்திலும் ஒகினாவாவிலும் விளக்குச் சாமந்தி பெரிய தொழில்.

ஆக நமக்கு வேண்டியது சிவப்பு நிறைந்த, அந்த ஓரத்து ஒளி அதிகம் இல்லாத, வயல் முழுக்கச் சீராக விழும் வெளிச்சம். இனி பல்புகளைப் பார்ப்போம்.

குண்டு பல்பு

பழைய பரிந்துரைகள் எல்லாம் இதை வைத்துத்தான் எழுதப்பட்டன. வேலை செய்யும், சந்தேகமில்லை. சிவப்பு நிறைய உண்டு. கூடவே ஓரத்து ஒளியும் நிறைய இருப்பதால் கணுவிடை நீண்டு செடி கொஞ்சம் ஒல்லியாக இழுக்கும். பெரிய குறை அதுவல்ல. வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகப் போய்விடுகிறது. ஆயுளும் சுமார் 1,000 மணி நேரம்தான்.

இன்னொரு குறையை யாரும் சொல்வதில்லை. வோல்டேஜ் இறங்கினால் இதன் வெளிச்சம் பல மடங்கு வேகமாக இறங்கும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். கிராமத்து லைனில், அதிலும் நீண்ட ஒயரின் கடைசியில் 180 என்பது அதிசயமா? பல்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும், விவசாயி நிம்மதியாகத் தூங்குவார், கடைசி நான்கு வரிசை மொட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

சி.எஃப்.எல்.

இதில் ஓரத்து ஒளி மிகக் குறைவு. செடி கட்டையாக, கணு நெருக்கமாக வரும். 23 வாட் பல்பு நல்ல வெளிச்சம் தரும். எரியத் தொடங்கியதும் முழு வெளிச்சம் வர ஓரிரு நிமிடம் ஆகும். அடிக்கடி போட்டு அணைத்தால் சீக்கிரம் போய்விடும். உடைந்தால் உள்ளே பாதரசம். கையில் இருப்பதை எரித்துத் தீர்க்கலாம், புதிதாக வாங்க வேண்டாம்.

வெள்ளை எல்.இ.டி.

பெரும்பாலான விவசாயிகளுக்கு என் பரிந்துரை இதுதான். வீட்டுக்கு வாங்கும் சாதாரண பல்பே போதும். ஆனால் கடையில் "வெள்ளை" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 6500கே என்று அட்டையில் எழுதிய நீலம் கலந்த வெள்ளை. அது கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், ஆனால் சிவப்புப் பங்கு குறைவு. 2700கே அல்லது 3000கே என்று போட்ட இளமஞ்சள் வெள்ளையைக் கேட்டு வாங்குங்கள். ஒரே வாட், ஏறக்குறைய ஒரே விலை, சிவப்பு கூடுதல். ஏற்கெனவே 6500கே வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம். அதுவும் வேலை செய்யும், இடைவெளியை ஓர் அடி குறைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல டிரைவர் உள்ள பல்பு வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் ஒரே அளவில் எரியும். அட்டையில் எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை என்று போட்டிருப்பதைப் படியுங்கள். 100 முதல் 300 வரை என்றிருந்தால் கிராமத்து லைனுக்கு ஏற்றது. தெருவோரக் கடையில் ரசீதில்லாமல் கிடைக்கும் மலிவு பல்பில் இந்த டிரைவர் இருக்காது. வோல்டேஜ் இறங்கினால் மங்கும், ஏறினால் புகையும்.

சிவப்பு எல்.இ.டி.

தத்துவப்படி இதுதான் சிறந்தது. 660 நானோமீட்டர் என்று குறிப்பிடும் ஆழ்சிவப்பு, பைட்டோகுரோமின் பசிக்கு நேரடித் தீனி. பூச்சிகள் வெள்ளை, நீல வெளிச்சத்துக்கு வருவது போல் சிவப்புக்கு வருவதில்லை. காய்ப்புழுத் தாய் அந்துப்பூச்சிகள் நடமாடும் பருவத்தில் இது சின்ன லாபமல்ல.

குழப்பம் எங்கே என்றால், நம் கண் ஆழ்சிவப்பைச் சரியாகப் பார்ப்பதில்லை. வயல் இருட்டாகத் தெரியும், லக்ஸ் மீட்டரும் சொற்ப எண்ணைக் காட்டும். லக்ஸ் என்பதே மனிதக் கண்ணுக்காகச் செய்த அளவு. ஆகவே இந்த விளக்கை லக்ஸ் வைத்து மதிப்பிடக் கூடாது. விற்பவரிடம் எத்தனை நானோமீட்டர், எத்தனை அடி இடைவெளி என்று எழுதி வாங்குங்கள். முதல் ஆண்டு பத்து சென்ட்டில் மட்டும் போட்டுப் பாருங்கள். சீரியல் விளக்குக் கடையில் கிடைக்கும் சிவப்புச் சாயம் பூசிய பல்பு இதற்கு ஈடாகாது. சாயம் மற்ற நிறங்களை மறைக்கிறதே தவிர சிவப்பைக் கூட்டுவதில்லை.

ஊதா விளக்கைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். அதில் உள்ள நீலப் பங்குக்குக் கொடுக்கும் காசு இந்த வேலைக்கு வீண். மண்ணில்லாக் கீரை, திசு வளர்ப்புக் கூடம் என்றால் பேச்சு வேறு.

ஒரு ஏக்கர் கணக்கு

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. பத்தடிக்குப் பத்தடி ஒரு பல்பு என்றால் சுமார் 435 பல்பு. செடியின் நுனியிலிருந்து ஐந்தடி உயரத்தில் 12 வாட் எல்.இ.டி. கட்டினால் பல்புக்கு நேர் கீழே 100 லக்ஸுக்கு மேலும், நான்கு பல்புகளுக்கு நடுவில் 60, 70 லக்ஸும் கிடைக்கும். 100 பாதுகாப்பான அளவு. மிக இருட்டான மூலையிலும் 50-க்குக் கீழே இறங்கக் கூடாது. 9 வாட் போட்டால் அந்த மூலை 50-ஐ ஒட்டி நிற்கும். பல்பில் தூசி படிந்தால் அதுவும் போச்சு. 9 வாட் என்றால் எட்டடி இடைவெளிக்கு வாருங்கள்.

மின்சாரத்தைப் பாருங்கள். ஓர் இரவு நான்கு மணி நேரம். 435 பல்பு 60 வாட் குண்டு பல்பாக இருந்தால் 26 கிலோவாட் சுமை, இரவுக்கு 104 யூனிட், முப்பது இரவுக்கு 3,100 யூனிட்டுக்கு மேல். 23 வாட் சி.எஃப்.எல். என்றால் 10 கிலோவாட், முப்பது இரவுக்கு 1,200 யூனிட். 12 வாட் எல்.இ.டி. என்றால் 5 கிலோவாட்டுக்குச் சற்று அதிகம், இரவுக்கு 21 யூனிட், முப்பது இரவுக்கு 630 யூனிட். யூனிட் விலையை உங்கள் ரசீதில் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். 435 பல்பின் விலை, அந்த விவசாயி அறுபது ஊதா விளக்குக்குக் கொடுத்த பணத்தைத் தாண்டாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பம்புசெட்டுக்கு வாங்கிய இலவச மின் இணைப்பிலிருந்து பூ விளக்குக்கு ஒயர் இழுக்கும் பழக்கம் இருக்கிறது. அந்த இணைப்பு மோட்டாருக்காகக் கொடுத்தது. இழுப்பதற்கு முன் மின்வாரிய உதவிப் பொறியாளரைப் பார்த்து, எந்த வகை இணைப்பு, எவ்வளவு சுமை என்று எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். பூ விற்ற காசை அபராதமாகக் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

எப்போது, எவ்வளவு நேரம்

கட்டிங் வேர் பிடித்து, நட்ட ஒரு வாரத்துக்குள் விளக்கைத் தொடங்கிவிட வேண்டும். இரவு 10 முதல் 2 வரை. சூரியன் மறைந்ததும் ஆறரைக்குப் போட்டு பத்தரைக்கு அணைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பிறகு விடியும் வரை ஏழெட்டு மணி நேர இருட்டு தொடர்ந்து கிடைக்கிறது. நடு இரவில் உடைப்பதே உறுதியானது. டைமர் ஒன்றைப் பொருத்திவிட்டால் எழுந்து போக வேண்டியதில்லை. மின்தடைக்குப் பிறகு டைமரின் நேரம் பின்தங்கியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். பேட்டரி உள்ள டைமர் என்றால் அந்தக் கவலை இல்லை.

ஓர் இரவு கரண்ட் இல்லாவிட்டால் பயிர் கெட்டுவிடாது. தொடர்ந்து நான்கைந்து இரவு போனால் ஆபத்து. நுனியில் மொட்டு கட்டி, அதன் கீழே இலைகள் பல்லில்லாமல் நாடாப் போல வந்தால், செடி பாதி வழியில் மனம் மாறியிருக்கிறது என்று பொருள். உடனே நுனியைக் கிள்ளிவிட்டு விளக்கைத் தொடருங்கள். பக்கக் கிளை வரும், ஆனால் இரண்டு வாரம் தள்ளிப்போகும்.

சுமையைக் குறைக்க இன்னொரு வழி உண்டு. வயலை மூன்று பாகமாகப் பிரித்து, அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு பாகத்துக்கும் பத்து நிமிடம் என்று மாற்றி மாற்றி எரிய விடுவது. நான்கு மணி நேரம் முழுக்க இப்படிச் செய்தால், தொடர்ந்து எரித்ததைப் போன்ற பலன் சாமந்தியில் கிடைக்கும். வெளிச்சம் மட்டும் 100 லக்ஸுக்குக் குறையக் கூடாது, ஆகவே பல்பு இடைவெளியை நெருக்க வேண்டும். ஒரே நேரத்தில் எரிவது மூன்றில் ஒரு பங்கு பல்பு என்பதால் ஒயரும் ஸ்விட்சும் சிறிதாகப் போதும். சி.எஃப்.எல்.லுக்கு இது ஒத்துவராது.

விளக்கை நிறுத்தும் நாள்தான் பணம். நிறுத்தியதிலிருந்து பூ பறிக்க ரகத்தைப் பொறுத்து 7 முதல் 10 வாரம். புரட்டாசிக் கடைசியில் ஆயுத பூஜை வருகிறது, உங்கள் ரகம் ஒன்பது வாரம் எடுக்கும் என்றால், ஆடி முடிவதற்குள் அணைத்துவிட வேண்டும். நடவு ஆனி மூன்றாம், நான்காம் வாரத்தில் இருந்திருக்க வேண்டும். இரவிலும் வெப்பம் தணியாத காலத்தில் மொட்டு தாமதமாகும், அதற்கு ஒரு வாரம் சேர்த்து எண்ணுங்கள்.

அணைத்த பிறகு முழு இருட்டு வேண்டும். நிலா வெளிச்சம் ஒரு லக்ஸில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, பயமில்லை. தெருவிளக்கின் கீழ் பத்து லக்ஸும் அதற்கு மேலும் வரும். அதன் கீழே உள்ள நாலைந்து வரிசை பூக்காமல் பச்சையாகவே நிற்பதைப் பலர் நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். பக்கத்து வயல்காரர் உங்களுக்குப் பிறகு நட்டு இப்போது விளக்கு எரிக்கிறார் என்றால், எல்லையில் பத்தடிக்குக் கறுப்பு நிழல்வலை கட்டுங்கள். அல்லது இருவரும் பேசி ஒரே வாரத்தில் நடுங்கள். விளக்குச் சாமந்தி பரவிய ஊர்களில் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டைக்கு அடுத்தபடி இந்த வெளிச்சச் சண்டைதான் என்னிடம் வருகிறது.

இறங்கி அளந்து பாருங்கள்

லக்ஸ் மீட்டர் இணையத்தில் கிடைக்கும். செல்போனில் உள்ள செயலிகள் துல்லியமாக இருக்காது, ஆனாலும் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். இரவு பதினொரு மணிக்கு இறங்கிச் செடி நுனி உயரத்தில், நான்கு பல்புகளுக்கு நடுவில், வயலின் நான்கு ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள். ஓர வரிசைக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வெளிச்சம் வருவதால், அங்கே எப்போதும் குறையும். கடைசி பல்பு வரிசையை வயலின் விளிம்பிலேயே கட்டுவதுதான் தீர்வு. செடி உயர உயரப் பல்பு நெருங்கிவிடும். கம்பியைத் தூக்கிக் கட்ட வசதியாகக் குச்சிகளை முன்பே உயரமாக நடுங்கள்.

ஒயரிங் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பனியிலும் பாசன ஈரத்திலும் 435 ஹோல்டர் தொங்குகிறது. மழை புகாத ஹோல்டர், மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிவு மின் துண்டிப்பான், இரும்புக் குச்சிக்குப் பதில் மூங்கில் இவை மூன்றும் கட்டாயம். எரிகிற லைனில் ஈரக்காலோடு பல்பு மாற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பூப்பறிக்க வரும் பெண்கள் வருவதற்கு முன் மெயினை அணைத்துவிடுவதை வழக்கமாக்குங்கள்.

அந்த விவசாயியின் வயலுக்கு வருவோம். மொட்டு வந்த பகுதியை முழுக்கக் கிள்ளச் சொன்னேன். ஊதா விளக்குகளைக் கழற்றாமல், இடையில் 3000கே பல்பு 370 கட்டினார். மேலும் ஐந்து வாரம் எரித்தார். ஆயுத பூஜை போய்விட்டது, அதை மீட்க முடியவில்லை. கார்த்திகைக்குப் பூ வந்தது. போட்ட பணம் வந்தது, லாபம் என்று சொல்லும்படி இல்லை. அடகு வைத்ததை மீட்க இன்னொரு பருவம் ஆனது. அறுபது ஊதா விளக்கையும் இப்போது தாய்ச்செடிக் குடிலில் வைத்திருக்கிறார். கட்டிங் எடுக்கும் தாய்ச்செடி எப்போதும் பூக்காமல் தழையில் நிற்க வேண்டும் என்பதால், அந்த மூன்று சென்ட் இடத்தில் ஆண்டு முழுவதும் இரவு நான்கு மணி நேரம் அவை எரிகின்றன. கட்டிங் நன்றாகவே வருகிறது.